எருக்கின் வரலாறும் ஓம்பலும்

சிவபெருமானுக்குரிய மலர்கள் பலவாம். அவற்றுட் சில நீர்நிலைகளிற் பிறப்பன. சில நந்தவனங்களில் நாடோறும் நீர் பெய்து வளர்க்கப்படுவன. சில மலைச்சாரலிலும் கானகத்தும் தாமே பூப்பன. இவை எல்லாவற்றினும் வேறாய், ஒருவர் விதையாமலும் ஒருவர் நீர் விடாமலும், வழியோரத்தும் பாழ்மனையிலும் சுடுகாட்டிலும் வெயிலிற் காய்ந்துகொண்டே பூத்து நிற்பது எருக்கு. கண்டார் விலகிச் செல்லும் இச்செடியின் பூவைப் பெருமான் தன் சடைமேற் சூடினான் என்று நம் சமயாசிரியர்கள் பாடியருளியிருக்கின்றனர். இதன் வரலாறு யாது, இதனை நம்மனோர் எவ்வாறு ஓம்பல் வேண்டும் என்பவற்றை, இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்னும் ஊர்களைச் சார்ந்த நிலத்தை முன்னிட்டு ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இவ்விரண்டு ஊர்களும் விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஒன்றற்கொன்று ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தொலைவில் அமைந்தவை. மலைமுடியில் முகில் தவழக் கண்டாலும், தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரின் பெரும்பகுதியை மலைக்கு அப்பாற் சேரநாட்டுப் பக்கத்திலேயே பெய்துவிடுதலின், இந்நிலத்துக்கு வாய்ப்பது ஐப்பசி கார்த்திகையிற் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே. அம்மழைநீரைக் கண்மாய்களிற் றேக்கி வைத்தே முன்னோர் நெல் விளைத்தனர். மலையோரம் செம்மண்ணும், கீழ்பாற் செல்லச்செல்லக் கரிசலும் காணப்படும். மாசி கழிந்தபின் கண்மாய்க் கரையிற் புல்லும் கருகும். அக்காலத்தும் சாம்பல் பூத்த பச்சை இலையோடு, வெளிர்நீலமும் வெண்மையுமாகிய பூங்கொத்துக்களைத் தாங்கி எருக்கு நிற்றலை அவ்வழிச் செல்வார் காணலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலர்த்தொண்டுக்குப் பெயர்பெற்ற ஊர். பெரியாழ்வார் நந்தவனம் வைத்து மாலை தொடுத்த தொண்டு வைணவ உலகம் போற்றுவது. அவ்வூரிலேயே மடவார்வளாகம் என்னும் பகுதியில் வைத்தியநாத சுவாமி என்னுந் திருப்பெயரோடு சிவபெருமான் எழுந்தருளியிருக்கின்றான். மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் வயிற்றுநோய் நீங்கப்பெற்று இத்திருக்கோயிற்குத் திருப்பணி செய்தார் என்பது தலவரலாறு. இராசபாளையத்திற் பெத்தவநல்லூரில் மாயூரநாத சுவாமி திருக்கோயிலும், அதற்கு மேல்பாற் சேத்தூரையடுத்த தேவதானத்தில் நச்சாடை தவிர்த்த சுவாமி திருக்கோயிலும் உள்ளன. இத்தகைய சிவத்தலங்களையுடைய நாட்டில், இறைவனுக்குகந்த ஒரு மலர் வேலியோரத்திற் கேட்பாரற்று நிற்றல் கருதற்பாலது.

இனி எருக்கின் இலக்கிய வரலாற்றை நோக்குவாம். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட சங்கச் செய்யுட்களிலேயே எருக்குப் பேசப்படுகின்றது. காமம் மிக்க தலைவன் பனைமடலாற் செய்த குதிரையேறித் தெருவில் வருங்கால் எருக்கங்கண்ணி சூடுவான் என்னும் செய்தி குறுந்தொகையின் 17-ஆம் செய்யுளில் உள்ளது. மணமலர் சூட வேண்டிய தலையில் எருக்குச் சூடுதல், நாணத்தைத் துறந்தமைக்கு அடையாளமாயிற்று. ஆகவே அக்காலத்தும் இப்பூ மதிப்பிற்குரியதாகக் கொள்ளப்படவில்லை என்பது பெறப்படும்.

ஆயினும், அக்காலத்துப் புலவர் பெருமகனாராகிய கபிலர் இதன்பாற் பிறிதொன்று கண்டார். பாரியின் கொடையைப் பாடிய புறநானூற்று 106-ஆம் செய்யுளில், நல்லனவென்றும் தீயனவென்றும் எண்ணப்படும் மலர்வகை இரண்டனுள்ளும் சேராத எருக்கம்பூவையே ஒருவர் உடையராய்க் கொணர்ந்து இட்டாலும், கடவுளர் அதனை வேண்டாவென்று தள்ளார் என்றும், அதுபோல அறிவிலாரும் எளியரும் சென்றாலும் பாரி அவர்க்கு ஈதலைக் கடமையாகக் கொள்வான் என்றும் அவர் உரைத்தார். இவ்வுவமையின் ஆழம் நோக்கத்தக்கது. வள்ளலின் பெருமையை விளக்கக் கபிலர் இறைவனது இயல்பை எடுத்தார். இறைவனது இயல்பை விளக்க எருக்கை எடுத்தார். பொருளின் உயர்வு நோக்காது, இடுவோன் உடையதனை ஏற்பதே அருள் என்னும் கொள்கை, சமயக்குரவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே தமிழகத்தில் நிலவியது என்பதற்கு இச்செய்யுள் சான்றாகும். பச்சிலை ஒன்று இடுதல் யாவர்க்கும் இயலும் என்று திருமூல நாயனார் அருளியதும் இக்கருத்தின் வழிப்பட்டதே.

ஏழாம் நூற்றாண்டிற் றோன்றியருளிய திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் எருக்கினைப் பன்முறை பாடியுள்ளனர். கொன்றை, ஊமத்தை, பாம்பு, பிறை என்பவற்றோடு எருக்கும் பெருமான் சடைக்கு அணியாக அவர்தம் திருப்பதிகங்களில் வருகின்றது. வைத்தீசுவரன் கோயில் என வழங்கும் புள்ளிருக்குவேளூர் மேல் அப்பரடிகள் அருளிய திருக்குறுந்தொகைப் பதிகம் வெள்ளெருக்கைச் சொல்லியே தொடங்குகின்றது. அங்கு எழுந்தருளியுள்ள இறைவனும் வைத்தியநாதன். மடவார்வளாகத்து இறைவனும் வைத்தியநாதன். சோழநாட்டு வைத்தியநாதன் சடையில் அப்பரடிகள் கண்ட மலர், பாண்டிநாட்டு வைத்தியநாதன் திருக்கோயிலைச் சூழ்ந்த வறண்ட நிலத்தில் மலர்ந்து கிடத்தல் அன்பர்க்கு மகிழ்ச்சி தருவதொன்றாம்.

எருக்கினாற் பெயர்பெற்ற தலமும் உண்டு. விருத்தாசலத்துக்கு அணித்தாய் இராசேந்திரப்பட்டினம் என இப்பொழுது வழங்கும் ஊரே தேவாரத்துத் திருஎருக்கத்தம்புலியூர். அதன் தலமரம் வெள்ளெருக்கு. திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் அவதரித்த ஊரும் அதுவே. அவர் மதுரைத் திருவாலவாயிற் கோயில் வாயிலின் புறத்தே நின்று யாழ் வாசித்தார் என்றும், இறைவன் ஏவலால் அடியார் அவரை உள்ளே அழைத்துச் சென்றனர் என்றும், ஈரத்தால் யாழ் நலிவுறாதபடி பொற்பலகை இடுவிக்கப்பட்டது என்றும் சேக்கிழார் பெருமான் கூறுவர். எருக்கு நிற்கும் ஊரிற் பிறந்தார், எருக்கைப்போலவே புறத்தே நின்றார்; எருக்கைப்போலவே உள்ளே ஏற்றுக்கொள்ளப்பட்டார். அதே மதுரையில் 1939-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8-ஆம் நாள், காலங்காலமாகப் புறத்தே நிறுத்தப்பட்ட மக்கள் அ. வைத்தியநாத ஐயர் முதலியோருடன் மீனாட்சியம்மை திருக்கோயிலுட் புகுந்து வழிபட்டனர். இறைவன் ஆணையாற் பண்டு அறிவிக்கப்பட்டதனை மாந்தர் நெறியாகக் கொள்வதற்கு அத்துணைக் காலம் சென்றது என்க.

இது நிற்க. சைவ நூல்கள் எண்வகை மலர்களை அட்டபுட்பம் என எண்ணும். அவை புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டம், குவளை, பாதிரி, அலரி, செந்தாமரை என்பன. இவற்றின் பிறப்பிடத்தை எண்ணிப் பார்ப்பின் ஓர் உண்மை புலனாகும். குவளையும் தாமரையும் மருதநிலத்து நீர்ப்பூக்கள். புன்னை நெய்தற் கடற்கரைக்குரியது. சண்பகம் குளிர்ந்த மலைச்சாரலில் வளர்வது. பாதிரி பாலைக்குரியதெனச் செய்யுள் வழக்குக் கூறும். நந்தியாவட்டமும் அலரியும் மனையைச் சூழ்ந்த தோட்டத்தில் நிற்பன. வெள்ளெருக்கு ஒன்றே உழுவாரும் காப்பாருமற்ற வறுநிலத்தில் நிற்பது. எந்நிலத்தில் வாழ்வார்க்கும், எத்துணை வறியார்க்கும், கைக்கெட்டும் மலர் ஒன்று இல்லாமற் போகலாகாது என்னும் அருட்குறிப்பு இவ்வகுப்பில் அமைந்திருத்தல் காண்க.

அற்றேல், அரசர் பலர் திருநந்தவனத்துக்கு இறையிலி நிலம் விட்டதும், நீரிறைப்பார்க்கும் மாலை தொடுப்பார்க்கும் நிவந்தம் அளித்ததும் கல்வெட்டுக்களால் அறியப்படுகின்றனவே; அவ்வாறிருக்க எருக்கைப் போற்றுதல் எற்றுக்கு எனின், கூறுதும். நந்தவனம் கிணற்றை நம்பியது; கிணறு மழையை நம்பியது; நிவந்தம் அரசை நம்பியது. மழை பொய்த்த காலத்தும் அரசு மாறிய காலத்தும் நந்தவனங்கள் வாடுதல் இயல்பு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வருத்திய தாதுவருடப் பஞ்சம் போன்றவற்றை நினைவு கூர்வார்க்கு இது விளங்கும். எருக்கோ எவரையும் நம்பியதன்று. ஆகவே முருக நாயனார் திருப்புகலூரிற் செய்த நந்தவனத் தொண்டினை எவ்வாற்றானும் குறைவாகக் கருதாமல், நந்தவனம் தாழும் நாளில் வழிபாடு தாழாமைக்கு நிற்கும் துணையாக எருக்கைக் கொள்ளல் தகும்.

இனி, பிறநாட்டார் இதனைக் கண்ட வரலாறும் சுவையுடைத்து. கொச்சியில் ஆட்சி செலுத்திய ஒல்லாந்தர் தலைவராகிய வான் ரீடு என்பார், மலையாள நாட்டுச் செடிகொடிகளைப் பற்றி இயற்றுவித்து 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்டுஸ் மலபாரிகஸ்' என்னும் பெருநூலில், எருக்கு அதன் நாட்டுப்பெயராலேயே குறிக்கப்பட்டுள்ளது. சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ் 1753-இல் இதனை 'அஸ்கிளேப்பியஸ்' என்னும் கிரேக்கரது மருத்துவக் கடவுளின் பெயர் கொண்ட செடியினத்திற் சேர்த்துப் பெயரிட்டார். பிற்காலத்து நூலோர் இதனைப் பிரித்து 'கலோட்ரோபிஸ்' என்னும் தனியினமாக்கினர். வைத்தியநாதன் சூடிய மலருக்கு, ஒன்றும் அறியாத மேல்நாட்டறிஞர் மருத்துவக் கடவுளின் பெயரையே ஒருகால் இட்டது வியப்பன்றோ! பசிபிக் மாகடலில் உள்ள ஹவாயித் தீவுகளில் இப்பூ முடிப்பூ எனப்படுகின்றது. 1891 முதல் 1893 வரை அந்நாட்டை ஆண்ட லிலியுகலானி அரசியார் இதனைப் பெரிதும் விரும்பினர். அங்கே இது விருந்தினர்க்கும் சான்றோர்க்கும் அணியும் மாலைகளிற் றொடுக்கப்படுகின்றது.

முடிப்பூ என்னும் பெயர் பொருந்துவதே. எருக்கம்பூவை அணித்தாக நோக்குவார், ஐந்து இதழ்கள் விரிந்திருப்ப, அவற்றின் நடுவே ஐந்து பிரிவாகிய முடிபோன்ற உறுப்பு எழுந்து நிற்றலையும், அதன் உச்சி ஐங்கோணமாய் இருத்தலையும் காண்பர். ஐந்தெழுத்தை ஓதுவார்க்கு அப்பூவின் ஐந்தும் நினைவூட்டாய் அமையும். இதன் மகரந்தம் பொடியாய்ச் சிந்தாது, மெழுகுபோன்ற சிறு திரளைகளாய் இருக்கும். மரத்தைத் துளைத்து வாழும் பெரிய கருவண்டுகள் தேன் உண்ண வந்து, அத்திரளைகளைக் காலிற் சுமந்து பிற பூக்களிற் சேர்க்கும். வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு இதன் இலையையே உண்டு வளரும். ஆடு மாடுகள் அஞ்சி ஒதுக்கும் நஞ்சு அப்புழுவுக்கு உணவாய், அதனைப் பறவைகளினின்றும் காக்கும் அரணாகவும் ஆகின்றது.

நஞ்சு என்றவழித் தேவதானத்துத் தலவரலாறு நினைவுக்கு வருகின்றது. பாண்டியனைக் கொல்லக் கருதிப் பகைவன் விடுத்த நஞ்சூட்டிய ஆடையை இறைவன் தவிர்த்தருளினான் என்பது அத்தலத்து வழங்கும் செய்தி. கடலிற் பிறந்த நஞ்சைக் கண்டத்தில் அடக்கியவன், ஆடையின் நஞ்சை விலக்கியவன், பாலெல்லாம் நஞ்சாகிய செடியின் பூவைச் சடையில் வைத்தமை, குற்றமுடைய உயிரை வெறுத்தொதுக்காது அக்குற்றத்தோடே பற்றி ஆட்கொள்ளும் அவனது முறைமைக்கு ஏற்ற குறியாகும். ஆணவமலம் உடையது என்பதற்காக உயிரை இறைவன் கைவிடுவதில்லை என்னும் சித்தாந்தத் துணிபுக்கு எருக்கு ஓர் எளிய உவமை.

இச்செடி வறட்சியைத் தாங்குதற்குக் காரணங்கள் உள. இலையின் மேல் மெழுகுபோன்ற பூச்சும் வெண்பஞ்சுபோன்ற மயிரும் இருந்து உள்ளே உள்ள நீர் ஆவியாய்ப் போகாமற் காக்கின்றன. ஆணிவேர் ஆழச்சென்று, மேல்மண் உலர்ந்த காலத்தும் கீழ்மண்ணின் ஈரத்தை வாங்குகின்றது. மேலே வெட்டுண்டாலும் அடியினின்றும் மீளத் தளிர்க்கின்றது. இதன் தழை வயலுக்கு நல்ல எருவாதலை உழவர் அறிவர். இரதசத்தமி நாளில் ஏழு எருக்கிலைகளைத் தலைமேல் வைத்து நீராடுதலும், விநாயக சதுர்த்தியில் எருக்கமாலை சாத்துதலும், வெள்ளெருக்கு நாரால் திரி திரித்து விளக்கேற்றுதலும் மக்கள் வழக்கில் உள்ளன.

இனி இதனை வளர்க்கும் முறை கூறுவாம். எருக்கின் காய் வளைந்து பருத்து இரட்டையாய்த் தொங்கும். அது பழுத்து வெடிக்கத் தொடங்கும் நிலையிற் பறித்து உலர்த்தினால், பட்டுப்போன்ற வெண்பஞ்சு முடியோடு கூடிய தட்டையான விதைகள் கிடைக்கும். பஞ்சை நீக்கி, செம்மண்ணும் மணலும் கலந்த மண்ணில் விதையை மேலாக ஊன்றி, மண் காயாதபடி சிறிது நீர் தெளித்துவரின் முளைக்கும். வெள்ளெருக்கு வேண்டுவார் விதையை நம்பாது கிளையையே நடுதல் நன்று. என்னை, விதையிற் பிறந்தவை யாவும் தாயைப்போல வெண்மையாகவே பூக்கும் என்பது உறுதியன்றாகலின். முற்றிய கிளையை ஒன்றரைச் சாண் அளவாக வெட்டி, பால் வடிந்து வெட்டுவாய் உலரும்வரை நிழலில் வைத்து, ஐப்பசி மழை தொடங்குங்கால் நடுக.

நட்டபின் செய்ய வேண்டுவன மிகச் சில. முதற் கோடையில் மாத்திரம், இலை துவண்டு காணும்போது, வாரத்துக்கொருமுறை நீர் விடுக. அதன்பின் அதனை மழைக்கே விட்டுவிடுதல் தகும். மிகுந்த அன்பாற் செய்யும் கேடு நாடோறும் நீர் விடுதலே. நீர் தேங்கின் வேர் அழுகும். எரு வேண்டா. செடிக்குச் செடி ஐந்தடி இடைவெளி விடுக, நிழலில் வையற்க. செடி உயர்ந்து பூக்குறையின், மழைக்கு முன் கிளைகளைத் தரையினின்றும் முழங்கால் அளவில் வெட்டிவிடின், புதுக்கிளை விட்டுப் பூக்கும். புழு தின்ற இலையைக் கண்டு மருந்து தெளித்தல் வேண்டா. இலை மீண்டும் தளிர்க்கும், புழுவோ வண்ணத்துப்பூச்சியாம்.

இதன் பால் கண்ணிற்படின் பெருந்தீங்கு விளைக்கும். ஆகலின் குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் இதனை வையாது, நந்தவனத்தின் மேல்எல்லையிலோ வேலியிலோ வைக்க. பூக்கொய்வார் காலையில் காம்பைக் கிள்ளி, பால் வடிந்து நிற்கும் வரை பொறுத்து, நல்ல நீரில் அலசிக் கூடையில் இடுக. கையைக் கழுவிய பின்னரே முகத்தைத் தொடுக. பால் கண்ணிற்பட்டுவிடின் தூயநீரால் நெடுநேரம் கழுவி, காலந்தாழாது மருத்துவரிடம் செல்க. திருக்கோயிலிற் சாத்துதற்கு அவ்வத் திருக்கோயில் முறைமையைக் குருக்களிடம் கேட்டறிந்து கொடுக்க. வாடியன, புழுக்கடித்தன, நிலத்தில் விழுந்தன ஆகாவென்னும் மலர்விதி எருக்கிற்கும் உரியது. எளிய மலர் என்பதனால் எவ்வாறேனும் இடலாம் என்பதில்லை.

இறுதியாக, ஒரு குறையைச் சொல்லாது விடுதற்கில்லை. எருக்கு அழியாதது என்று நாம் நினைக்கின்றோம். முற்காலத்தில் அஃது உண்மையே. இக்காலத்திலோ வயல்கள் மனைகளாகின்றன, வழியோரங்கள் அகலமாக்கப்படுகின்றன, களைக்கொல்லி மருந்து வரப்புவரை செல்கின்றது, வேற்றுநாட்டினின்றும் வந்த சீமைக்கருவேல் கண்மாய்க் கரைகளைக் கவர்ந்துகொண்டது. இவற்றோடு அன்பர்களே செய்யும் தீங்கொன்றும் உளது. வெள்ளெருக்கு வேரிற் பிள்ளையார் திருவுருவம் செய்து மனையில் வைத்தாற் செல்வம் பெருகும் என்னும் ஆசையாற் பலர் அவ்வுருவங்களை விலைக்கு வாங்குகின்றனர். அவ்வொரு வேருக்காகப் பல்லாண்டு பூத்துநின்ற செடி வேரோடு அகழப்படுகின்றது. ஒருநாள் இடும் பூவைச் செடி மறுநாளும் தரும். வேரை ஒருமுறையே தரும். மூத்த பிள்ளையாருக்கு உவப்பாவது அவர்க்குரிய செடியைக் கொன்று செய்த உருவமோ, அன்றி அச்செடி நின்று நாடோறும் கொடுக்கும் பூவோ என்பதை அன்பர்களே சீர்தூக்குக. தானே பட்டு வீழ்ந்த செடியின் வேரைக் கொள்வார்மேல் எமக்குக் குறையில்லை.

பாழ்மனையில் எருக்கு முளைக்கும் என்பது உலகவழக்கு. அது கண்டு எருக்கு முளைத்தலாலேயே மனை பாழாகும் எனப் பலர் அஞ்சுவர். காரியத்தைக் காரணமாகக் கொண்ட மயக்கம் அது. மாந்தர் கைவிட்ட இடத்தையும் இறைவன் கைவிடவில்லை என்பதற்கு அங்கே முளைத்த சான்றே எருக்கு. மடவார்வளாகம், பெத்தவநல்லூர், தேவதானம் முதலிய தலங்களை வழிபடச் செல்லும் அன்பர்கள் வழியோரத்து எருக்கைக் காணும்பொழுது ஒருகணம் நின்று நோக்குக. இடமுடையார் ஒவ்வொருவரும் வரும் ஐப்பசியில் ஒரு கிளை நடுக. நந்தவனம் உடைய திருக்கோயிலார் வேலிமூலையில் ஒரு வெள்ளெருக்கிற்கு இடங்கொடுக்க. நீர் கேளாது, எரு கேளாது, காவல் கேளாது நிற்கும் அச்செடி நம்மிடம் வேண்டுவது ஒன்றே, அதனைப் பிடுங்காதிருத்தல்.

சிவம்.